போனஸ் பணத்தில் பழைய கார்

தீபாவளி நெருங்கும்போது சிவகாசிப் பக்கம் போனஸ் கைக்கு வரும். பண்டிகை முடிந்ததும் பட்டாசு ஆலைகளில் சில நாள் லீவு. குற்றாலமோ ராமேஸ்வரமோ குடும்பத்தோடு போய்வர ஒரு கார் இருந்தால் நல்லது என்ற பேச்சு வீடுகளில் அப்போதுதான் எழும். புது கார் கட்டுப்படியாகாது என்பவர்கள் செகண்ட் ஹேண்டைத் தேடுவார்கள்.

தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் இன்ஜின் பார்க்காதவர் இல்லை. காலையில், இன்ஜின் சூடேறும் முன் போய் ஸ்டார்ட் செய்து பார்ப்பது நல்லது. தென்மாவட்டக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் வெள்ளத்தில் தத்தளித்தன. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தண்ணீரில் மூழ்கிய காரைக் கழுவி, சீட் கவர் மாற்றிவிட்டால் வெளிப்பார்வைக்குத் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் தெரியும்; எத்தனை கழுவினாலும் அங்கே சேற்றுக்கறை தங்கிவிடும். சீட்டுக்கு அடியில் உள்ள திருகுகளில் துரு, ஹெட்லைட்டுக்குள் நீர்த்திவலை, மேட்டுக்குக் கீழே ஈரவாடை இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். காருக்குள் சென்ட் வாசனை தூக்கலாக இருந்தால் இன்னும் கூடுதலாகவே.

இன்ஜின் கோளாறைப் பணம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறாததுதான் பெரிய வம்பு, அதுவும் விற்றவருக்கு. 2007-ல் ஒருவர் தன் காரை விற்றார். அது பெயர் மாறாமலே சிலர் கைக்குப் போனது. 2009-ல் அந்தக் கார் மோதி ஒரு சிறுவன் இறந்தான். இன்ஷூரன்ஸ் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீடு தரவேண்டும் என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பானது. காரை விற்றுப் பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகு!

அதனால் புரோக்கரிடம் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களைக் கொடுத்துவிட்டு வருவது ஆபத்து. 29, 30 ஆகிய படிவங்களை முழுதாக நிரப்பி, இருவரும் கையெழுத்திட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உடனே பதிய வேண்டும். காருக்கு வங்கிக் கடன் இருந்திருந்தால், கடன் முடிந்ததற்கான சான்றும் படிவம் 35-ம் தேவை. வெளிமாநிலப் பதிவு என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே வரியும் கட்ட வேண்டும். மலிவு விலையைப் பார்த்து மயங்குகிறவர்கள் அந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருடம்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும் என்பதால் பதிவுத் தேதியையும் பார்த்துவிட வேண்டும்.

அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் இன்ஷூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்பது தெரியும். போலீஸ் அபராதம் பாக்கி உண்டா என்பதையும் போனிலேயே பார்த்துவிடலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைச் செய்யலாம்.

வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சொந்தக் கார் நசுங்கினால் கிளெய்ம் கிடைப்பது கஷ்டம். பெயர் மாற்றம் முடியும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, ஆர்.சி. வந்த அன்று தருவதாக எழுதிக்கொள்ளலாம். நேர்மையாக விற்பவர் இதற்கு மறுக்க மாட்டார்.