சமையல்கட்டில் பிறந்த விஞ்ஞானம்

"எப்பப் பார்த்தாலும் தண்ணியில என்ன விளையாட்டு?" என்று பேரப்பிள்ளைகளை அதட்டாத வீடு உண்டா? அதட்ட வேண்டாம் என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன்.

ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் என்ற ஊரில் ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்றொரு பெண்மணி வாழ்ந்தார். 1862-இல் பிறந்தவர். இயற்பியலில் கொள்ளை ஆசை. ஆனால் அந்தக் காலத்தில் அங்கே பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதில்லை. தம்பி படிக்கப் போனார். அக்கா பெற்றோரைக் கவனித்துக்கொண்டு அடுப்படியில் நின்றார்.

கண்ணும் கையும் சும்மா இருக்கவில்லை. ஒரு தகரத் தொட்டி, அதன் மேல் நகர்த்த ஒரு தகரப் பட்டை, ஒரு பொத்தான், ஒரு தராசு. இதுதான் அவரது ஆய்வுக்கூடம். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த தண்ணீர்ப் பரப்பைப் பட்டையால் நெருக்கி, பொத்தானை அதிலிருந்து பிரிக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று அளந்தார். 1891-இல் இங்கிலாந்தின் ரேலே பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பெரிய மனிதர் அதை 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தார்.

தண்ணீர் மேல் நடப்பது இதுதான். பிசுக்கின் மூலக்கூறுகளுக்கு ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை ஒதுங்கும். நெருக்கினால் தலையைத் தண்ணீரில் வைத்து, வாலை மேலே தூக்கி, நாற்றங்கால் பயிர்போல் ஒற்றை அடுக்காக நிற்கும். இதை விரிவாக விளக்கிய அமெரிக்கர் லாங்முயருக்கு 1932-இல் நோபல் பரிசு. அதே ஆண்டு, 70 வயதில், ஆக்னஸுக்கு அவர் ஊர்ப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. எவ்வளவு தாமதம்!

இதனால் யாருக்கு என்ன லாபம் என்கிறீர்களா? நம் நுரையீரலின் காற்றறைகளிலும் இப்படி ஓர் அடுக்கு உண்டு. அது இல்லாவிட்டால் அறைகள் ஒட்டிக்கொள்ளும். மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளுக்கு அதுதான் போதவில்லை என்று 1959-இல் மேரி எலன் ஏவரி தம் சகாவுடன் காட்டினார். அளந்தது இதே வகைத் தொட்டியில்தான். இன்று அந்தப் பொருளை மருந்தாகவே கொடுத்துப் பிள்ளைகளைப் பிழைக்க வைக்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கோ 'பரப்பு இழுவிசை' என்பது இரண்டு மார்க் கேள்வி. சுத்தமான தட்டில் தண்ணீர் ஊற்றி, ஒரு துளி கற்பூரத்தைப் போடுங்கள், ஓடும். எண்ணெய் தொட்ட விரல் நுனியை வையுங்கள், நின்றுவிடும். ஏன் என்று பேத்தியிடம் கேளுங்கள். விடையை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.