வில் யார் கையில் இருக்கிறது?

ஆத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் நம் தம்பி ஒருவர் போனில் ஒரு வீடியோ காட்டினார். அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்களுக்காக வந்திருக்கும் புது குறுக்குவில். துப்பாக்கி மாதிரிக் கட்டை, நுனியில் கப்பி, மேலே தொலைநோக்கி. அம்பு நொடிக்கு 500 அடி பாய்கிறதாம். வேட்டை மனிதனின் ஆதி மரபு, அது நம் ரத்தத்திலேயே ஊறியது என்று விற்பவர் பெருமையாகப் பேசுகிறார்.

தம்பி சிரித்துக்கொண்டே கேட்டார்: "அண்ணா, இதையே எங்க தாத்தா சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அவர் தாத்தா இந்த வட்டாரத்துக் குறவர். கண்ணி வைத்துக் கௌதாரி பிடித்தவர். ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் அவர் குடிசைக் கதவைத்தான் தட்டினார்கள். "வேட்டையும் திருட்டும் இவனுக ரத்தத்துலயே இருக்கு" என்று அவரையும் சொன்னார்கள். ஒரே வாக்கியம்தான். அங்கே அது விளம்பரம், இங்கே அது குற்றச்சாட்டு. ஏன் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். வில்லை ஒரு கட்டையின் குறுக்கே பொருத்த வேண்டும். இழுத்த நாணை ஒரு கொக்கி பிடித்துக்கொள்ளும். விசையைத் தட்டினால் அம்பு போகும். சாதாரண வில்லில் நாணை இழுத்துப் பிடித்தபடியே குறி பார்க்க வேண்டும். அதற்குத் தோள் வலுவும் பல வருடப் பழக்கமும் வேண்டும். குறுக்குவில்லில் பிடித்து வைக்கும் வேலையைக் கொக்கி செய்துவிடுகிறது. புது மாடல்கள் எல்லாம் இதன்மேல் ஏற்றிய வசதிகள்தான். வில்லின் நுனியில் கப்பி வைக்கும் யோசனைக்கு ஹோலிஸ் வில்பர் ஆலன் என்ற அமெரிக்கர் 1969இல் காப்புரிமை வாங்கினார். அடிப்படை விசையோ பழையது. சீனாவில் சின் பேரரசரின் சுடுமண் படையோடு கிடைத்த வெண்கல விசைகளுக்கு 2,200 வயது.

சாமானியனும் சீக்கிரம் பழகிவிடலாம் என்ற இந்தத் தன்மை ஆள்பவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில், ஹான் பேரரசர் வூவின் அமைச்சர் கொங்சுன் ஹொங், மக்கள் கையில் வில்லும் குறுக்குவில்லும் இருக்கக் கூடாது என்று தடை கேட்டார். பத்துக் கொள்ளையர் நாணேற்றி நின்றால் நூறு அதிகாரிகள் கிட்டே போகப் பயப்படுகிறார்கள் என்பது அவர் வாதம். அரசவையிலேயே எதிர்ப்பு வந்தது, தடை வரவில்லை. ஐரோப்பாவில் 1139இல் கூடிய இரண்டாம் லாத்தரன் சபை, வில்லையும் குறுக்குவில்லையும் கிறிஸ்தவர்கள் மேல் பயன்படுத்தக் கூடாது என்று விதித்தது. மற்றவர்கள் மேல் பயன்படுத்துவதைப் பற்றி அந்த விதியில் பேச்சில்லை. ஆயுதச் சட்டம் எப்போதுமே கருவியைப் பார்ப்பதோடு ஆளையும் பார்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

நம் நாட்டில் அந்த "ஆளைப் பார்க்கும்" வேலையைச் சாதி செய்தது. இங்கே ஏன் சமூகப் புரட்சிகள் நடக்கவில்லை என்று 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் அண்ணல் அம்பேத்கர் கேட்டார். சதுர்வர்ணம் கீழே இருந்தவர்களிடம் ஆயுதத்தையும் கல்வியையும் பறித்து அவர்களை முடக்கிவிட்டது என்பது 1936இல் அவர் சொன்ன பதில். ஏகலைவன் கதை அந்தப் பதிலுக்கு உருவம் கொடுக்கிறது. வேடர் குலத்துப் பையன் தானாகவே வில் பழகினான். குருதட்சணை என்ற பெயரில் கட்டைவிரல் போனது. அது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது தோழர்களே. சிறந்த பயிற்சியாளர்களுக்கு இந்திய அரசு 1985 முதல் கொடுத்துவரும் விருதின் பெயர் துரோணாச்சாரியார் விருது. பழங்குடிப் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளிக்குப் பெயர் ஏகலைவா பள்ளி. நம் சேலம் மாவட்டத்து அபிநவத்திலும் ஒன்று இருக்கிறது. விரலை வாங்கியவர் பெயரில் விருது, விரலைக் கொடுத்தவன் பெயரில் விடுதி!

தமிழ் மண்ணிலும் வில்லுக்குப் பஞ்சமில்லை. மதுரைக் கோட்டை மதில்மேல் இருந்த காவல் பொறிகளில், வளைந்து தானே அம்பு எய்யும் வளைவிற்பொறியைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. சென்னை மாகாணத்தில் மீன்வளத்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியாவின் ஊதுகுழாய், வளரி, குறுக்குவில் ஆகியவற்றைப் பற்றி 1924இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார். நமக்குப் பக்கத்துக் கொல்லிமலையில் ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்தியதாகப் புறநானூறு பாடும் வல்வில் ஓரிக்கு, ஆண்டுதோறும் ஆடி மாதம் அரசே விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டியும் உண்டு.

விழா எடுக்கட்டும், நமக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த மேடையில் முழங்குகிறவர்களிடம் ஒன்று கேட்கிறோம். ஓரியின் வேட்டை வீரம் என்றால், கல்வராயன் மலையடிவாரத்தில் நாட்டுத் துப்பாக்கியோடு பிடிபடுகிறவன் மட்டும் எப்படிப் பிறவிக் குற்றவாளி ஆனான்?

பதில் நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஆத்தூர் கீழ்நாட்டுக் குறவர், ஆத்தூர் மேல்நாட்டுக் குறவர், சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் என்று வரிசையாக வரும். அந்தப் பட்டியலின் வேர் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வடக்கே தொடங்கி, 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்த சட்டம் அது. குழந்தை பிறந்த அன்றே சந்தேகத்துக்குரியது என்று எழுதி வைத்தது. இங்கே 1947இல் அது நீக்கப்பட்டது. மறு வருடமே, 1948இல், பழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து உட்கார்ந்தது. பலகை மாறியது, கடை மாறவில்லை. பழக்கக் குற்றவாளி என்ற சொல்லைச் சீர்மரபினரைக் குறிவைக்கப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2024 அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய சுகன்யா சாந்தா வழக்கில் சொல்ல வேண்டி வந்தது.

"சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே?" என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்.

ஒன்று, குடகு. கர்நாடகத்தில் குடகு இனத்தாருக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் துப்பாக்கி உரிமம் எடுப்பதிலிருந்து வெள்ளையர் காலந்தொட்டு விலக்கு உண்டு. 2019இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. அந்த மக்கள்மேல் நமக்குப் பொறாமை இல்லை. பிறப்பையும் நிலத்தையும் பார்த்து ஒருவரை நம்பத் தெரிந்த அரசுக்கு, பிறப்பைப் பார்த்து இன்னொருவரைச் சந்தேகிக்கவும் தெரிகிறது என்பதைக் காட்டுகிறோம்.

இரண்டு, வேட்டை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலில் வேட்டை உரிமம் என்ற ஏற்பாடு இருந்தது. 1991 திருத்தத்தில்தான் அது போனது. உரிமம் வாங்கும் வசதி யாருக்கு இருந்திருக்கும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. 2006 வன உரிமைச் சட்டமோ பழங்குடிகளின் மரபுரிமைகளை எல்லாம் ஏற்றுக்கொண்டு, வேட்டை உரிமையை மட்டும் பெயர் சொல்லி விலக்கியது.

மூன்று, பயிர். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 13, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் கொடுக்கிறது. மலையாளிப் பழங்குடி விவசாயியின் குச்சிக்கிழங்குக் காட்டைக் காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் புரட்டிப் போடுகிறது. அவருக்கு இந்தப் பிரிவு இருப்பதை யார் சொன்னார்கள்? மனு எழுதிக் கொடுத்தவர் யார்? துப்பாக்கி பறிமுதல் என்ற செய்தி பேப்பரில் போட்டோவோடு வருகிறது. உரிமம் வழங்கினார்கள் என்ற செய்தியை நாம் பார்த்ததில்லை.

இதைப் படித்துவிட்டு, வேட்டைக்கு ஆதரவு தேடுகிறோம் என்று சிலர் கிளம்புவார்கள். இல்லை. காட்டு உயிர்கள் காக்கப்பட வேண்டும். வெடிமருந்தால் கண்ணும் கையும் இழந்தவர்கள் நம் சேரிகளிலும் மலைக்கிராமங்களிலும் இருக்கிறார்கள். எந்த ஆயுதத்தையும் நாம் கொண்டாடவில்லை. இளைஞர்கள் அந்த 500 அடி வில்லைப் பார்த்து ஏங்குவதும் நமக்குப் பிடிக்கவில்லை. குற்றம் செய்தால் செய்த குற்றத்துக்கு வழக்குப் போடட்டும். சாதிச் சான்றிதழைப் பார்த்து வழக்குப் போடாதே என்கிறோம்.

இன்னொன்றையும் நமக்குள் பேசியாக வேண்டும். குறவர் என்ற பெயருக்குள்ளேயே சிலர் பட்டியல் சாதி, சிலர் சீர்மரபினர். நரிக்குறவர், குருவிக்காரர் நாடாளுமன்றத்தின் 2022 டிசம்பர் முடிவுக்குப் பிறகு பழங்குடிப் பட்டியலுக்கு வந்தார்கள். மலையாளிகள் ஏற்கெனவே பழங்குடி. பெயரும் வரலாறும் தனித்தனி, அதை மதிப்போம். ஆனால் ராத்திரி கதவைத் தட்டுகிற லத்தி பட்டியலைப் பார்த்துத் தட்டுவதில்லை. சேரிக்காரர்களான நாமும் "அது அவங்க பிரச்சினை" என்று திண்ணையில் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. அது நம் தவறு.

எனவே மாணவத் தோழர்களே, வேலைக்கு வருவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட பத்து ரூபாய் போதும். சேலம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திடம் இரண்டு கேள்வி: கடந்த பத்து ஆண்டுகளில் பயிர்ப் பாதுகாப்புக்கு எத்தனை உரிமம் கொடுத்தீர்கள்? அதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சீர்மரபினர் எத்தனை பேர்? மாவட்டக் காவல் துறையிடம் இரண்டு கேள்வி: அதே காலத்தில் நாட்டுத் துப்பாக்கி வழக்குகள் எத்தனை? பழக்கக் குற்றவாளிப் பதிவேட்டில் எந்தெந்தச் சமூகத்தார் எத்தனை பேர்? எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். யார் பெயரையும் கேட்க வேண்டாம், நம் மக்களை நாமே காட்டிக்கொடுக்க வேண்டாம்.

அந்தத் தம்பிதான் முதல் மனுவை எழுதியிருக்கிறார். கையெழுத்துப் போடும்போது பேனாவைப் பிடித்த கட்டைவிரலைக் காட்டி, "இது இன்னும் இருக்குதுண்ணா" என்றார்.