ஏரி நிலத்தில் பரவ வேண்டாம், நிலையங்களை ஒட்டி உயரட்டும் சென்னை: கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
மேடவாக்கம், சென்னை 600 100.

பெறுநர்
உறுப்பினர் செயலர் அவர்கள்,
சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்,
தாளமுத்து நடராசன் மாளிகை,
எழும்பூர், சென்னை 600 008.

பொருள்: மூன்றாம் முழுமைத் திட்டம் – புறநகர்ப் பரவலைக் கட்டுப்படுத்தி, ரயில், மெட்ரோ நிலையங்களை ஒட்டி அடர் குடியிருப்புக்கு வழிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதி, 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலமும் 2026-உடன் முடிகிறது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு ஊர் எந்தப் பக்கம் வளரும் என்பது இப்போது எழுதப்படும் திட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் இம்மனுவைத் தங்கள் முன் வைக்கிறோம்.

எங்கள் சங்க மூத்த உறுப்பினர் ஒருவர் மனை வாங்கியபோது, விற்றவர் காட்டிய வரைபடத்தில் வீட்டின் முன்பு முப்பதடிச் சாலை இருந்தது. 2015 டிசம்பர் இரவில் அந்தச் சாலை வழியாக வெள்ளம் வந்தபோதுதான், அது ஏரியின் கலங்கலிலிருந்து உபரிநீர் வடியும் கால்வாய் என்று அவருக்குத் தெரிந்தது. மாடிப்படியில் ஒன்பதாம் படிவரை நீரின் கறை இன்றும் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே படிகளில் தண்ணீர் ஏறியது. அதே தெருவில் சித்திரை பிறந்தால் காலையில் குடிநீர் லாரி, மாலையில் கழிவுநீர் லாரி. வயலில் கல் நட்டு மனை பிரிக்க ஒரு மாதம் போதும். குழாயும் சாக்கடையும் பேருந்தும் அங்கே வந்துசேரப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இந்தப் பரவலுக்கு மாற்றாக மாடி உயர்ந்தால் மட்டும் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்கு அருகிலுள்ள பெரும்பாக்கத்தில், நகருக்குள் இருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்காக அடுக்குமாடிகள் வரிசையாக எழுப்பப்பட்டன. நெருக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் வேலை நகருக்குள்ளேயே நின்றுவிட்டது. வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் விடியுமுன் பேருந்துக்குக் காத்திருப்பதை அன்றாடம் காண்கிறோம். மக்களை நெருக்கமாகக் குடியமர்த்த வேண்டிய இடம், வேலைக்கும் ரயிலுக்கும் பக்கத்தில் உள்ள இடம்.

அப்படிப்பட்ட இடங்கள் நகரில் இருக்கின்றன. பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு வந்தது 2007-இல். அதன் நிலையக் கட்டடங்கள் பலவற்றில் பெரும்பகுதி நெடுங்காலம் வெறுமனே கிடந்தது ஊரறிந்தது. மெட்ரோ இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் வருகிறது. அதில் ஒன்று எங்கள் ஊர் வழியே செல்கிறது. 2019 கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை (மனைப் பரப்பின் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை) சாதாரணக் கட்டடங்களுக்கு 2 ஆகவும், உயர்மாடிக் கட்டடங்களுக்கு 3.25 ஆகவும் உயர்த்தின. அவ்விதிகளில், கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் பரப்புக்குச் சாலையின் அகலம் அளவாக வைக்கப்பட்டது. அதனுடன் நிலையத்துக்கு நடந்து போகும் தூரமும் அளவாக வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்:

1. ஏரி, வரத்துக் கால்வாய், உபரிநீர்க் கால்வாய், ராம்சர் தலமான பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நீர்பிடிப்பு ஆகியவற்றில் நிலப் பயன்பாட்டு மாற்றம் அடியோடு கூடாது. இவற்றின் சர்வே எண்களை ஊராட்சி அலுவலகங்களில் தமிழில் ஒட்ட வேண்டும்.

2. நிலையங்களிலிருந்து 500 மீட்டருக்குள் கூடுதல் தளப்பரப்பு வழங்க வேண்டும். குடிநீர், பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால் ஆகியவற்றின் கொள்ளளவை உறுதிசெய்த பிறகே அனுமதி தர வேண்டும்.

3. அக்கட்டடங்களில் ஒரு பகுதியைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான சிறு வீடுகளாகக் கட்டாயமாக்க வேண்டும். பழைய அரசு வாரியக் குடியிருப்புகளை அதே இடத்தில் மீண்டும் கட்டிக்கொடுக்க வேண்டும். எவரையும் புறநகருக்கு அனுப்பக் கூடாது.

4. 2022 அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் பழைய கட்டடத்தை மறுகட்டுமானம் செய்யலாம். மறுகட்டுமானம் நடக்கும் காலத்தில் முதியோருக்கும் வாடகைதாரருக்கும் பாதுகாப்பு வேண்டும்.

5. நிலையங்களை ஒட்டிக் கார் நிறுத்தும் இடக் கட்டாயத்தைக் குறைத்து, தடையற்ற நடைபாதையும் இணைப்புச் சிற்றுந்தும் ஏற்படுத்த வேண்டும்.

6. வரைவுத் திட்டத்தைத் தமிழில் வெளியிட்டு, வார்டுகளிலும் ஊராட்சிகளிலும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும்.

நாங்களும் இந்தப் பரவலில் வந்து குடியேறியவர்கள்தாம். எங்களுக்குப் பின் வருவோருக்கு வீடு வேண்டாம் என்பது எங்கள் எண்ணமல்ல. அவர்களுக்கு ரயிலடியில் வீடு கிடைக்கட்டும். எஞ்சியுள்ள ஏரிகளுக்கு அவற்றின் கால்வாய் கிடைக்கட்டும். மேற்கண்ட கோரிக்கைகளைப் பரிசீலித்து, மூன்றாம் முழுமைத் திட்டத்தில் சேர்த்திடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.



இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: மேடவாக்கம்

நகல்: செயலாளர், வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.