மீட்டவர்களும் மீட்டியவர்களும்

அண்மையில் சென்னையில் அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் செல்ல நேர்ந்தது. வரவேற்பறைச் சுவரில் பதினொரு பேஸ் கிதார்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிற்றட்டை: உற்பத்தியான ஆண்டு, தொடர் எண், மர வகை, பிக்கப்பின் விவரம். ஒன்பதாவது கிதாரின் அட்டையில் மட்டும் கூடுதலாக ஒரு வரி இருந்தது: "டெல்டா ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றிலிருந்து மீட்டது."

அந்தக் கிதாரை நாம் அறிவோம். அதன் கீழ்க்கொம்பில் சாலிடரிங் அயர்ன் பட்ட கருந்தழும்பு ஒன்று உண்டு. திருத்துறைப்பூண்டியில் ஒரு திருவிழா இரவில், மேடைக்குப் பின்னால் அறுந்துபோன இணைப்பைத் தாமே பற்றவைத்துக்கொண்டு, அடுத்த பாட்டுக்கு ஓடி வந்து நின்ற கலைஞரின் கைவேலை அது. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் தவணையில் வாங்கிய ஜப்பானியக் கருவி. நாம் கல்லூரி மாணவராயிருந்த நாள்களில், மெல்லிசைக் குழுவில் பாடகருக்கும் கீபோர்டுக்காரருக்கும் பின்னே, விளக்கொளி எட்டாத இடத்தில் நின்று அவர் வாசித்ததைப் பலமுறை கேட்டிருக்கிறோம்.

தமிழில் 'மீள்' என்பதன் பிறவினை மீட்டல். இழந்ததைத் திரும்பப் பெற்றவர் மீட்டார். 'மீட்டு' என்பது வேறு வினை. நரம்பை ஒலிக்கச் செய்தவர் மீட்டினார். சுவரில் தொங்கும் கருவியை இவர் மீட்டார் என்கிறது அட்டை. அதை இருபதாண்டுகள் மீட்டியவர் யார் என்பதை அட்டை சொல்லவில்லை. நமது வழக்கு முழுவதும் இந்த இரு வினைகளுக்கு இடையிலானதுதான்.

கருவிகளை ஒப்பிடுவதே வீண் என்று நாம் கூற வரவில்லை. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை வெளியிடும்வரை, மேலைக் குழுக்களில் அடித்தள ஒலிக்கு ஆளுயர டபுள் பேஸைத்தான் சுமக்க வேண்டியிருந்தது. தோளில் மாட்டும் கருவி ஒன்றில், வீணைக்காரர் மெட்டு என்று சொல்லும் அந்தப் பிரிவுகளைப் பதித்து, சுருதி துல்லியமாக நிற்கச் செய்ததால்தான் அதற்கு அப்பெயர். 1960இல் வந்த ஜாஸ் பேஸில் கழுத்து ஒடுங்கிற்று, பிக்கப் இரண்டாயிற்று, ஒலியில் ஒரு கூர்மை ஏறிற்று. ஜெர்மானிய ஹோஃப்னர் 500/1இன் உடல் உள்ளீடற்றது. ஏனையவற்றின் தந்தி நீளம் 34 அங்குலம் என்றால் இதற்கு 30 அங்குலமே. ஆகவே அதன் ஒலி உருண்டு, விரைந்து அடங்குவது. இவை காதால் அறியத்தக்க வேறுபாடுகள். அறிந்தவர் பேசினால் நாம் கைகட்டிக் கேட்போம்.

ஆனால் இன்று நடக்கும் ஒப்பீடு காதால் நடப்பதன்று. 1965இல் ஃபெண்டர் நிறுவனம் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதற்கு முந்தியதா பிந்தியதா என்பதே சேகரிப்பாளரின் முதல் வினா. தொடர் எண் எது, வண்ணப்பூச்சு மூலமா மறுபூச்சா, திருகாணிகள் அன்றையவைதாமா என்று வினாக்கள் நீளும். எவ்வாறு ஒலிக்கிறது என்னும் வினா இறுதியில் வந்தாலும் வரும், வராமலும் போகும். மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தந்திகள் அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்று பெயர் பெற்றவர். அழுக்கேறிய அந்தத் தந்திகளிலிருந்துதான் ஒரு தலைமுறையே ஆடிய இசை பிறந்தது. அவருக்கு உரிய இடத்தில் பெயர் அச்சாக 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மார்வின் கேயின் இசைத்தட்டு ஒன்றில்தான் அது நிகழ்ந்தது.

நம் நாட்டு நிலை இதனினும் மேலானதன்று. 1976இல் 'அன்னக்கிளி'யுடன் வந்த இளையராஜா, பேஸ் கிதாருக்கென்று தனி வழி எழுதினார். பாட்டின் மெட்டோடு உரையாடும் இரண்டாம் குரலாக அதை ஆக்கினார். அவ்வழிகளை வாசித்த சசிதரனின் பெயரை, அப்பாடல்களை மனப்பாடமாகச் சொல்லும் எத்தனை பேர் அறிவர்? பின்னாளில் ரஹ்மானின் குறுந்தகடுகளில் கலைஞர்களின் பெயர்கள் அச்சாயின. கீத் பீட்டர்ஸை அவ்வழியே சிலர் அறிந்தனர். மிகத் தாழ்ந்த தந்தியின் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 41. இன்றைய கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் அது கேட்பதேயில்லை. இவ்வாறு ஒலியையே இழந்துகொண்டிருக்கும் ஒரு காலத்தில், மரத்தின் வயதைப் பற்றிய நமது புலமை மட்டும் வளர்ந்துகொண்டிருக்கிறது!

நாம் சென்னைக்குப் போனது வேடிக்கை பார்க்க அன்று. நமது கல்லூரி மாணவர்கள் ஓர் இசைக்குழு தொடங்கினர். டிரம்ஸ் உண்டு, கீபோர்டு உண்டு, கிதார் இரண்டு உண்டு; பேஸ் இல்லை. டெல்டாவின் மெல்லிசைக் குழுக்களில் அந்த வேலையை முதலில் கீபோர்டுக்காரரின் இடக்கை எடுத்துக்கொண்டது. பிறகு மடிக்கணினியின் பதிவு எடுத்துக்கொண்டது. தழும்புக் கிதாரின் சொந்தக்காரரும் அப்படித்தான் வேலையிழந்து, வந்த விலைக்கு அதை விற்றார். இப்போது கற்றுக்கொள்ள ஒரு மாணவி முன்வந்தாள். கற்றுத்தரப் பழைய கலைஞரும் இசைந்தார். கருவி ஒன்றுதான் வேண்டும். ஒரு பருவத்திற்கு மட்டும் அந்த ஒன்பதாவது கிதாரை இரவல் தருமாறு கேட்டோம். அன்பர் கோபிக்கவில்லை; காப்பி கொடுத்து உபசரித்தார். "சார், கை வேர்வை பட்டா விலை எறங்கிடும். இது இனிமே வாசிக்கிறதுக்கு இல்ல, வச்சிருக்கிறதுக்கு" என்றார்.

சேகரிப்பாளர் இல்லையேல் இக்கருவிகள் அழிந்திருக்கும் என்பது அவர்தம் தரப்பு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் கருவி பிழைத்தால் இசை பிழைத்துவிடும் என்பது பிழையான கணக்கு. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்கில் வாங்கிய ஹோஃப்னர் 1972இல் களவு போய், ஒரு வீட்டுப் பரணில் கிடந்து, 2024இல் அவரிடம் திரும்பியது. உலகமே மகிழ்ந்தது. ஏன்? வாசித்தவர் கைக்கு அது வந்தது என்பதால். பரணில் அது பத்திரமாகத்தான் இருந்தது. அதற்காக யாரும் பரணைப் பாராட்டவில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய துயரமும் அன்று. பேரியாழுக்கு 21 நரம்பு, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரைகள் வழியே ஒப்பிட்டுப் பாடம் நடத்துகிறோம். பட்டியல் எஞ்சியது, வாசிக்கும் கை எஞ்சவில்லை. அந்த ஒலியைத் தேடி விபுலானந்த அடிகள் நெடுங்காலம் கணக்கிட்டு எழுதிய 'யாழ்நூல்' 1947இல் அரங்கேறியது, நமது பகுதியிலுள்ள திருக்கொள்ளம்பூதூரில்தான். கை அறுந்த பின் கணிதம்தான் துணை. முடத்தாமக்கண்ணியாரும் பொருநராற்றுப்படையில் யாழின் உறுப்புகளை ஒன்றுவிடாமல் வருணிக்கிறார். பத்தலை மான் குளம்பின் தடத்தோடு ஒப்பிடுகிறார். எந்தச் சேகரிப்பாளரின் அட்டையும் அத்துணை நுட்பமாயிராது. ஆனால் அவர் வருணனையோடு நிற்கவில்லை. அந்த யாழ் ஒலித்ததும் வழிப்பறிக் கள்வரும் படைக்கலத்தைக் கைவிடுவர் என்று சொல்லியே அமைகிறார். அதன் பின்னர்தான் கரிகாலனிடம் செல்லும் வழி. கருவியை அறிவது, அது ஒலிப்பது, ஒலிப்பவனைப் புரப்பது ஆகிய மூன்றும் அவருக்கு ஒரே பாட்டு. நம் காலம் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிவிட்டது.

சேர்ப்பது எப்படி என்பதை அறிய நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. திருத்துறைப்பூண்டிக்கு அருகே கட்டிமேட்டைச் சேர்ந்த நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தார். கண்ணாடிக் குப்பிகளில் அடைத்துப் பெயர் எழுதி வைத்திருந்தால் அவரையும் நாம் போற்றியிருப்போம். ஆனால் விதை செத்திருக்கும். ஆதிரெங்கத்து நெல் திருவிழாவில் அவர் உழவருக்கு 2 கிலோ விதை கொடுத்தார். மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். மாப்பிள்ளைச் சம்பா வயலில் நிற்கிறது. கொடுத்தால் குறையும் என்று அஞ்சியிருந்தால் அது நின்றிருக்குமா?

கிதார் நெல்லன்று, முளைக்காது என்று சிலர் நகைக்கக்கூடும். மரம் முளைக்காதுதான், வாசிப்பு முளைக்கும். ஆகவே சேகரிப்பாள நண்பர்களுக்கு நாம் வைப்பது எளிய கோரிக்கை. பதினொன்றில் பத்து உங்கள் சுவரிலேயே இருக்கட்டும். விலை குறைந்த ஒன்றை, ஆண்டுக்கு ஒரு மாணவருக்கு இரவல் கொடுங்கள். பெற்றவர் மறு ஆண்டு அதைத் திருப்பித் தரும்போது, தாம் பழக்கிய இருவரையும் உடன் அழைத்து வரவேண்டும் என்று நிபந்தனை விதியுங்கள். வியர்வைக் கறை படியும். ஒரு தழும்பு கூடினாலும் கூடும். விலை இறங்கட்டும்.

அதற்கும் மனம் வரவில்லையெனில், குறைந்தது அந்த ஒன்பதாவது அட்டையைத் திருத்தி எழுதுங்கள். மீட்டியவரின் பெயர் நமக்குத் தெரியும். கேட்டால் சொல்வோம். அவர் இன்னும் திருத்துறைப்பூண்டியில்தான் இருக்கிறார். அவர் விரல்களுக்கும் இன்னும் வயதாகிவிடவில்லை.