ஆனைமுடிக்குச் செல்லுமுன்



கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் சதுரங்கப்பட்டினத்து வீடுகளில் ஒரு பேச்சு எழுகின்றது: "இவ்வாண்டு எந்த மலைக்குச் செல்வது?" கடலோரத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு மலை என்றால் திருக்கழுக்குன்றந்தான். அதனினும் உயர்ந்ததைக் காணும் ஆவல் அவர்களுக்கு எழுவது இயல்பே. இவ்வாண்டு சிலர் ஆனைமுடியின் பெயரைச் சொல்லி நம்மிடம் யோசனை கேட்கின்றனர். ஆகவே, அப்பயணத்தை எவ்வாறு திட்டமிடுவது என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

ஆனைமுடி கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்கு அருகே, இரவிகுளம் தேசியப் பூங்காவினுள் நிற்கின்றது. அதன் உயரம் 2,695 மீட்டர். இமயத்திற்குத் தெற்கே இந்தியாவில் இதனினும் உயர்ந்த சிகரம் இல்லை. ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார்களின் வேட்டைக் காடாக இருந்த இப்பகுதி, 1975-இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது.

பயணம் என்றதும் நாம் முதலில் பார்ப்பது நமது நாட்காட்டியை. பிள்ளைகளுக்கு விடுமுறை எப்போது, குடும்பத் தலைவருக்கு விடுப்பு எப்போது, கையிருப்பு எவ்வளவு என்று கணக்கிடுகின்றோம். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் இவற்றிற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மலை நம்மை வரவேற்கும் காலம் எது?

இப்பூங்கா ஆண்டுதோறும் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பார்வையாளருக்கு மூடப்படுகின்றது. அது வரையாடுகள் குட்டி ஈனும் பருவம். நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. 2025-இல் தமிழ்நாடும் கேரளமும் இணைந்து எடுத்த கணக்கெடுப்பில் 2,668 ஆடுகளே காணப்பட்டன. அவற்றுள் 800-க்கும் மேற்பட்டவை இரவிகுளத்தில் உள்ளன. தாயாடு பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரு குட்டியே ஈனும். அந்த ஒன்றை மனிதக் கூட்டமும் இரைச்சலும் அச்சுறுத்தாதிருக்கவே வாயில் அடைக்கப்படுகின்றது.

"இவ்வளவு தொலைவு செலவு செய்து வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதா?" எனச் சினம் கொள்வோர் உண்டு. நம் கரையோர மக்களுக்கோ இது விளங்காத செய்தியன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்வளம் பெருகும் பொருட்டு, நம் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் தொழிலுக்குச் செல்வதில்லை. அந்நாட்களில் படகுக் கூலியை நம்பிய வீடுகள் படும் பாடு நாம் அறிந்ததே. மீன் குஞ்சுக்காகப் பிழைப்பையே நிறுத்திவைக்கும் மக்கள் உள்ள நாட்டில், ஆட்டுக்குட்டிக்காக ஓர் உல்லாசப் பயணத்தைத் தள்ளிவைப்பது பெரிய தியாகமாகுமோ?

மலை திறக்கும் வேளையில் இங்கே பள்ளித் தேர்வுகளும் முடிவடைகின்றன. எனவே ஏப்ரல் பிற்பகுதியும் மே மாதமுமே நமக்கு ஏற்றவை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். எனினும், அவ்வாண்டு பூங்கா திறக்கும் நாளைக் கேரள வனத்துறையின் அறிவிப்பில் உறுதி செய்துகொண்ட பின்னரே பயணச்சீட்டு எடுப்பது நலம்.

செங்கற்பட்டில் இரவு இரயில் ஏறினால் காலையில் மதுரை. அங்கிருந்து தேனி, போடிநாயக்கனூர் வழியாகப் பேருந்தில் மூணாறு செல்லலாம். போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பிள்ளைகளுக்கு வயிறு நிறைய உணவு கொடுத்து ஏற்ற வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பதை நினைவிற்கொண்டு, முதியோருக்கும் குழந்தைகளுக்கும் கம்பளி உடை எடுத்துச் செல்லுங்கள். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவரின் கருத்தைக் கேட்டுக்கொள்ளட்டும். பூங்காவிற்கு முன்பதிவு செய்து, கூட்டம் மிகுந்த ஞாயிறு தவிர்த்து, வாரநாளில் காலையிலேயே சென்றுவிடுங்கள். வாயிலிலிருந்து வனத்துறையின் பேருந்து ராஜமலைக்கு அழைத்துச் செல்லும். அதன்பின் சிறிது தூரம் நடை.

பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது ஒன்றுண்டு. சுற்றுலாப் பயணிகள் ஆனைமுடியின் உச்சிக்கு ஏற அனுமதி இல்லை. ராஜமலையில் நின்று அண்ணாந்து பார்க்கலாம், அவ்வளவே. "ஏறாமல் திரும்பவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று மகன் கேட்பான். அப்போது அருகில் மேயும் வரையாட்டைக் காட்டுங்கள். நம்மைக் கண்டு அது ஓடாது. மனிதன் தன்னை வேட்டையாடிய காலத்தை அது மறந்துவிட்டது. அந்த நம்பிக்கை நிலைப்பதற்காகவே நமக்கு எல்லை வகுத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அதற்குத் தின்பண்டம் கொடுக்கவோ, தொட்டுப் படம் எடுக்கவோ கூடாது என்பதும் அவனுக்கு அப்போதே விளங்கிவிடும். நெகிழிப் பைகளை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

இவ்வாண்டு வசதிப்படாத குடும்பங்கள் மனம் தளர வேண்டாம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி, அச்சரிவுகளில் 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்து 2030-இல் பூக்கும். மலை குறித்துக் கொடுத்துள்ள அந்த ஆண்டிற்காக இன்றே ஓர் உண்டியலைத் திறந்து, வாரந்தோறும் இயன்றதைப் பிள்ளைகள் கையாலேயே போடச் செய்யலாமே!