துக்க வீட்டுக்கு முன்னாடியே போவோம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

துக்க வீடுன்னா ராத்திரி எத்தனை மணியானாலும் நம்ம தேவாரக் குழு போயிடுது. நல்ல விஷயம். ஆனா அதே மனுஷன் மாசக்கணக்கா படுக்கையில கிடந்தப்போ யார் போனோம்? காது கேட்கும்போதே போய்ப் பாடணும்ங்கிறது என் கருத்து.

சிங்கப்பூர்ல டோவர் பார்க், அசிசி மாதிரி ஹோஸ்பிஸ்கள்ல இதுக்குன்னே படிச்ச இசைச் சிகிச்சையாளர்கள் வேலை பார்க்கிறாங்க. அவங்க கச்சேரி பண்றதில்லை. முதல்ல நோயாளியோட மூச்சைக் கவனிப்பாங்க. மூச்சு வேகமா வாங்கினா, பாட்டையும் அந்த வேகத்துல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மெதுவாக்குவாங்க. மூச்சும் கூடவே நிதானத்துக்கு வர வாய்ப்பிருக்கு. ஓடுற மிஷினோட வேகத்தை ஒரேயடியா குறைக்காதேன்னு தொழிற்சாலையில புது ஆளுங்களுக்கு நான் சொல்றதும் இதேதான்.

இன்னொன்னு, எந்தப் பாட்டுன்னு முடிவு பண்றது நோயாளி. இங்கதான் நமக்குக் கஷ்டம். நாம போனா மைக் வச்சு, பதிகம் முழுசா பாடி, படம் எடுத்து முகநூல்ல போட்டுடுவோம். கோபப்படாதீங்க, உண்மையைத்தான் சொல்றேன். படுத்திருக்கிறவர் வானொலி ஆறு கேட்டு வளர்ந்த தோட்டத்து ஆளா இருப்பார். டி.எம்.எஸ். பாட்டு கேட்டா அதைத்தான் பாடணும். சாகுற நேரத்துல சினிமாப் பாட்டான்னு சில பெரியவங்க முகம் சுளிப்பாங்க. ஆனா சில பேருக்குத் தேவாரம் கேட்டாலே 'நான் போகப் போறேன் போல'ன்னு பயம் வருது. துக்க வீட்லயே பாடிப் பாடி நாமதான் அப்படிப் பழக்கிட்டோம்.

2020ல கனடாவுல ஒரு ஆய்வு வந்துச்சு. நினைவில்லாம கிடந்த ஹோஸ்பிஸ் நோயாளிகள்ல சிலரோட மூளை, கடைசி மணி நேரங்கள்லயும் சத்தத்துக்குப் பதில் கொடுத்திருக்கு. அர்த்தம் புரிஞ்சுதான்னு அதுல சொல்லலை. படுக்கைப் பக்கத்துல நின்னு சொத்துக் கணக்குப் பேசுறதை நிறுத்த அதுவே போதும்.

நாம பாடப் போறதைச் சிகிச்சைன்னு சொல்லிக்க வேண்டாம், அது படிச்சவங்க வேலை. ரெண்டே பேர், மைக் இல்லாம, கால் மணி நேரம். வீட்டுக்காரங்களையும் தாதியையும் கேட்டுட்டுத்தான் போகணும். ஹோஸ்பிஸ் மலேசியா 1991லிருந்து காசு வாங்காம வீடு தேடிப் போய்ப் பார்க்குது, அவங்ககிட்டேயும் யோசனை கேட்கலாம். தேவார வகுப்புல நல்லா பாடுற பிள்ளைங்களோட பெற்றோரே, இப்படியும் ஒரு படிப்பு இருக்கு. தமிழ்ப் பாட்டிங்க கேட்கிற பாட்டு தெரிஞ்ச சிகிச்சையாளர் நமக்கு வேணும்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்துல இதைப் பேசப் போறேன். குழுவுல இருக்கிறவங்க உங்க எண்ணத்தைக் கீழே எழுதுங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பதில் போடுறேன்.