பெண்கள் பந்தாடினால் என்ன கெட்டுப்போகும்?

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் கிராமங்களில் பெண் மக்கள் படுகிற பாட்டைப் பார்க்காதவர்கள் யாரும் இருக்க முடியாது. பருத்தி எடுப்பது பெண். மக்காச்சோளக் கொல்லையில் களை வெட்டுவது பெண். சின்ன வெங்காயத்தைப் பிடுங்கித் தாள் அறுத்து மூட்டை கட்டும் வரையில் குனிந்த தலை நிமிராமல் வெயிலில் கிடப்பதும் பெண்ணே. இவ்வளவு வேலையையும் அவள் உடம்பு தாங்கும் என்பதில் நம்மூர்ப் பெரிய மனிதர்களுக்கு எள்ளளவும் சந்தேகம் வருவதில்லை. ஆனால், அதே பெண் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பந்தை உதைத்துக்கொண்டு ஓடினால் மாத்திரம், "பெண் உடம்பு தாங்குமா?" என்கின்ற கவலை உடனே வந்துவிடுகின்றது. கூலி வேலைக்குத் தாங்குகிற உடம்பு விளையாட்டுக்கு மட்டும் தாங்காது என்றால், இது வைத்தியமா அல்லது வெறும் வெங்காயமா என்று கேட்கின்றோம்.

நம் பெண் குழந்தைகள் பத்துப் பதினொரு வயது வரை ஆண் பிள்ளைகளோடு சரிசமமாக ஓடுகிறார்கள். பிறகு ஒரு நாள் பெண் வயதுக்கு வந்தாள் என்பார்கள். பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, படம் போட்ட விளம்பரத் தட்டி வைத்து, மஞ்சள் நீராட்டு என்பதாக ஊரையெல்லாம் கூட்டிச் சொல்லுவார்கள். உடம்பில் இயற்கையாய் நடக்கும் ஒரு காரியத்தை ஊருக்கே பறைசாற்றுவதில் வராத வெட்கம், மறுநாள் அந்தப் பெண் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்திற்குப் புறப்பட்டால் வந்துவிடுகிறது. அன்றோடு அவள் ஓட்டம் நின்றுபோகின்றது. அதை நிறுத்தியது இயற்கையா? இல்லவே இல்லை. தகப்பனும், மாமனும், பக்கத்து வீட்டுப் பேச்சுமேயாகும்.

இந்தப் புத்தி நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமானது என்று யாரும் நினைத்துவிட வேண்டியதில்லை. மேல்நாட்டிலும் ஆண்கள் ஆண்களாகவே இருந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1920-ஆம் வருஷம் டிசம்பரில் ஒரு பெண்கள் பந்தயத்தைப் பார்க்க சுமார் 53,000 பேர் கூடினார்கள். மறு வருஷமே அங்குள்ள கால்பந்துச் சங்கத்தார், பெண்களுக்கு மைதானம் கொடுக்கக்கூடாது என்று தீர்மானம் செய்துவிட்டார்கள். ஜெர்மனியிலோ 1955-இல் கால்பந்துச் சம்மேளனம் பெண்கள் ஆட்டத்தையே தடுத்தது. பந்துக்காகப் போராடினால் பெண்ணின் நளினம் போய்விடுமாம், உடலும் மனமும் கெடுமாம், பார்ப்பதற்கும் ஒழுங்கீனமாம்! நம்மூர் வைதீகர்கள் சாஸ்திரத்தின் பேரால் சொல்லுவதை அங்கே நாகரிகத்தின் பேரால் சொன்னார்கள் என்பதல்லாமல் வேறு வித்தியாசம் என்ன? தடை 1970-இல்தான் நீங்கியது. நீங்கிய பின் நடந்தது என்ன? அந்த ஜெர்மானியப் பெண்கள் 2003-லும் 2007-லும் உலகக் கோப்பையை வென்றார்கள். 2007-இல் ஒரு கோல் கூட வாங்காமலே வென்றார்கள். அவர்களில் யாருடைய உடலும் மனமும் கெட்டுப்போனது? கெட்டுப்போனது தடை போட்ட கனவான்களின் யோக்கியதைதான்! அப்புறமும் புத்தி சீக்கிரம் வந்துவிடவில்லை. 1989-இல் ஐரோப்பியப் பட்டம் வென்ற அந்தப் பெண்களுக்குச் சம்மேளனம் கொடுத்த வெகுமதி காப்பிக் கோப்பைச் செட்டு ஒன்று! மைதானத்தில் ஜெயித்தவளையும் அடுப்பங்கரைக்கே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள்.

நிற்க, இதற்காக ஜெர்மனி வரை போகவேண்டிய அவசியமுமில்லை. நம் மதுரையில் 2016-இல் சேது கால்பந்துக் கழகம் என்பதாகப் பெண்களுக்கு ஒரு கழகம் ஏற்பட்டது. மூன்று வருஷத்திற்குள், 2019-ஆம் வருஷம் மே மாதம் லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் லீக் இறுதிப் பந்தயத்தில், மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்துப் பட்டம் பெற்றது. மறுபடியும் 2022-இல் அதே லீக்கில் இரண்டாவது இடத்தைப் பிடித்தது. இது ஒரு கழகத்தின் அதிர்ஷ்டமல்ல. தமிழ்நாட்டுப் பெண்கள் அணியே 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரையும், 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவையும் வென்று தேசியப் பட்டத்தை இருமுறை கொண்டுவந்திருக்கிறது.

அந்தச் சேது அணியின் சேர்மானத்தைக் கவனித்தால் இன்னொரு உண்மையும் விளங்கும். கடலூரில் பிறந்த இந்துமதி அதில் ஆடினார். இவர் நமது போலீசில் சப்-இன்ஸ்பெக்டர் உத்தியோகம் பார்த்தவர். நேபாளத்திலிருந்து வந்த சபித்ரா பண்டாரியும் அதில் ஆடினார். பாஷை வேறு, தேசம் வேறு. ஆனாலும் பதினொரு பேரும் ஒருவரையொருவர் நம்பிப் பந்தைத் தள்ளிக் கொடுத்தாலொழிய கோல் விழாது. மேல் ஜாதிக்காரி கீழ் ஜாதிக்காரிக்குப் பந்து கொடுக்கமாட்டேன் என்றால் அன்றைக்கே அந்த அணி தோற்றுப்போகும். சமபந்தி போஜனத்தை நாம் மேடை போட்டு விளக்கவேண்டியிருக்கிறது. மைதானத்திலோ அது ஆட்ட விதியாகவே இருக்கிறது.

இதில் வயிற்றுப்பாட்டு விஷயமும் உண்டு. விளையாட்டில் தேறியவர்களுக்கென்று தமிழ்நாடு அரசாங்க உத்தியோகங்களில் 3 சதவிகித இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெண்ணைப் பதின்மூன்று வயதில் மைதானத்தை விட்டு இழுத்து வருகிற தகப்பனார், அவளுடைய ஓட்டத்தை மாத்திரமல்ல, அவள் பின்னால் பெறக்கூடிய சொந்தச் சம்பளத்தையும் சேர்த்தே நிறுத்துகிறார். கையில் சம்பளமில்லாத பெண்ணுக்கு எத்தனை சுதந்திரத்தைப் பேசினாலும் அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

வைதீகர்களை மட்டும் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்வதும் யோக்கியமாகாது. மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு, வீட்டுக்கு வந்ததும், "ஊர் என்ன சொல்லும்?" என்று மகளின் காலைக் கட்டுகிற தோழர்கள் நம்மிலும் இருக்கின்றார்கள். ஜெர்மனியிலே தடை போட ஒரு சம்மேளனம் கூடவேண்டியிருந்தது. அதனால் அதைக் கேட்டுப் போராடவும், கடைசியில் நீக்கவும் முடிந்தது. நம் நாட்டிலோ ஒவ்வொரு வீடும் ஒரு சம்மேளனம்; ஒவ்வொரு தகப்பனும் அதற்குத் தலைவர். இந்தத் தடையை நீக்க எந்தச் சர்க்காருக்கு மனுப் போடுவது?

ஆதலால் பெரம்பலூர், அரியலூர் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் சாயங்காலம் ஒரு மணி நேரம் பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். மஞ்சள் நீராட்டுப் பந்தலுக்கு ஆகும் செலவில் பத்துப் பந்தும் பதினொரு ஜோடிக் காலணியும் வாங்கலாம். எல்லாவற்றிற்கும் முந்தி, உங்கள் சொந்த மகளை முதலில் அனுப்புங்கள்.

பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் செய்தோம். அது தமிழ்நாட்டில் சட்டமாவதற்கு 1989 வரை, அதாவது 60 வருஷம், ஆயிற்று. சொத்தாவது காத்திருக்கும். பத்து வயதுப் பெண்ணின் கால்கள் காத்திருக்கமாட்டா.